காமிராவைக் கையில் எடுப்போம்



நம் வீடுகளில் அலமாரிக்குள்ளோ, கட்டிலுக்கு அடியிலுள்ள தகரப் பெட்டிக்குள்ளோ சில பழைய புகைப்படங்கள் இருக்கும். தாத்தாவும் பாட்டியும் பட்டணத்து ஸ்டூடியோவில், பூ வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட திருமணப் படம் ஒன்று. அடையாளக் கார்டுக்காக எடுத்த சின்னஞ்சிறு படம் ஒன்று. திருவிழாவில் யாரோ எடுத்துக் கொடுத்த படம் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் அவ்வளவுதான். அந்தப் பாட்டி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எங்கே கழித்தார்? பால்மரக் காட்டில் அல்லவா? உளியும் வாளியுமாக அவர் நிரையில் நின்ற கோலம் எந்தப் படத்திலும் இல்லை. படம் எடுக்கும் கருவி நம் கையில் இல்லாமல் இருந்ததே அதற்குக் காரணம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. அதிலேயே ஆயிரம் படம் எடுக்கலாமே, பிலிம் போட்டு எடுக்கும் பழைய காமிராவைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தொலைபேசி எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுகிறது. ஒளி எவ்வளவு வேண்டும், எது தெளிவாக விழ வேண்டும் என்பதை நம்மைக் கேட்பதில்லை. பிலிம் காமிராவோ ஒவ்வொன்றையும் நம்மையே கேட்கிறது. ஆகவே, படம் எப்படி உண்டாகிறது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பழைய காமிராக்கள் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்னும் பூட்டிய அலமாரிக்குள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஊரை விட்டுப் போகும்போது பள்ளிக்குக் கொடுத்துச் சென்ற பெண்டாக்ஸ் கே 1000 காமிரா அது. ஆசிரியர்களாகிய நாங்களும் ஆறாம் ஆண்டு மாணவர்களும் சேர்ந்து அதைக் கையாளப் பழகினோம். எங்களுக்கும் முன் அனுபவம் கிடையாது. மாணவர்களோடு மாணவர்களாக இருந்து கற்றதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், எஸ்.எல்.ஆர். காமிரா என்றால் என்ன என்று பார்ப்போம். அந்த மூன்று எழுத்துகளின் பொருள், ஒற்றை லென்ஸ் வழியே பிரதிபலிப்பில் பார்க்கும் காமிரா என்பதாகும். சாதாரணக் காமிராவில் நாம் பார்ப்பது ஒரு துளை வழியாக, படம் விழுவது வேறொரு லென்ஸ் வழியாக. இந்தக் காமிராவில் அப்படியில்லை. லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி அனுப்புகிறது. மேலே, காமிராவின் தலையில் கூம்பிய பகுதிக்குள் ஐங்கோணக் கண்ணாடிக் கட்டி ஒன்று இருக்கிறது. அது தோற்றத்தை நேராக்கி நம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், பின்னாலுள்ள திரை திறந்து மூடும், பிலிமில் ஒளி படும், கண்ணாடி மறுபடி கீழே இறங்கும். இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடுகிறது. நாம் எதைப் பார்த்தோமோ அதுவே பிலிமிலும் விழுகிறது. இந்தக் காமிராவின் சிறப்பு இதுதான்.

இது ஒரே நாளில் வந்ததன்று. 1936ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்யப்பட்ட கினே எக்ஸாக்டா என்னும் காமிராவை மார்புக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும். 1949இல் அதே நகரில் உருவான காண்டாக்ஸ் எஸ் என்ற காமிராவில் ஐங்கோணக் கட்டி சேர்ந்தபின், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க முடிந்தது. 1954இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம், தூக்கிய கண்ணாடி உடனே கீழிறங்கும் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1959இல் நிக்கான் எப் வந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள சிங்கப்பூரிலேயே 1970களில் ஜெர்மனியின் ரோலை நிறுவனம் தொழிற்சாலை நடத்தி இத்தகைய காமிராக்களைச் செய்தது. எங்கள் பள்ளியிலுள்ள கே 1000 வகை 1976 முதல் 1997 வரை செய்யப்பட்டது. அதில் மின்கலம் ஒளியை அளக்கும் முள்ளுக்கு மட்டுந்தான். மின்கலம் தீர்ந்துபோனாலும் காமிரா வேலை செய்யும். உலகெங்கும் பல பள்ளிகளில் பாடக் காமிராவாக அது விளங்கியதற்கு இந்த எளிமையே காரணம்.

நேயர்களே, இனி எங்கள் முதல் பாடத்துக்கு வருவோம். அது தோல்வியில் கற்ற பாடம்.

எங்கள் தோட்டத்துப் பழைய லயங்களில் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த லயத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய பாட்டி ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அவர் எங்களிடம் வந்து, “வாத்தியாரய்யா, போறதுக்கு முன்னாடி இந்த வாசல்ல வச்சு என்னை ஒரு படம் புடிச்சுக் குடுங்க. நான் வெட்டுக்குப் போன மாதிரியே இருக்கணும்” என்று கேட்டார். மறுநாள் காலை முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, என்றோ எடுத்து வைத்த உளியைக் கையில் பிடித்து, அஞ்சடியில் வந்து நின்றார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நாங்கள் ஒரு பிலிம் சுருள் முழுவதையும் எடுத்து முடித்தோம். எண் 36ஐயும் தாண்டிப் போனது. ஆனாலும் பிலிம் தீரவில்லை. அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்தோம்!

பட்டணத்துக் கடையில் கழுவக் கொடுத்தோம். சுருள் திரும்பி வந்தது. அதில் ஒரு படங்கூட இல்லை. பிலிம் காமிராவுக்குள் நகரவே இல்லை என்று கடைக்காரர் விளக்கினார். பிலிமின் நுனி, சுற்றும் உருளையில் சரியாக மாட்டாமல் நழுவியிருந்தது. நாங்கள் நெம்புகோலைத் தள்ளத் தள்ள, எண் மட்டும் ஓடியிருக்கிறது. மறுபடி எடுக்கலாம் என்று ஓடினோம். லயம் தரைமட்டமாகிக் கிடந்தது.

ஆகவே, பிலிம் போடும் முறையை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம். கேட்டுக்கொள்ளுங்கள். நிழலில் நின்று செய்யுங்கள். இடப்பக்கக் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். பிலிம் டப்பாவை இடப்பக்கக் குழியில் வைத்துக் குமிழைக் கீழே அழுத்துங்கள். பிலிமின் நுனியை இழுத்து, வலப்பக்க உருளையின் பிளவுக்குள் செருகுங்கள். நெம்புகோலை மெல்லத் தள்ளுங்கள். பிலிமின் இரு ஓரத்துத் துளைகளும் பல்சக்கரத்தின் பற்களில் பதிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். பார்த்த பிறகே கதவை மூடுங்கள். அடுத்து, இடப்பக்கக் குமிழின் மடக்குப் பிடியைத் தூக்கி, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பிலிமின் தொய்வு நீங்கி இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இப்போது நெம்புகோலைத் தள்ளும்போது அந்த இடப்பக்கக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் நகர்கிறது என்று பொருள். சுழலாவிட்டால் நகரவில்லை. எண்ணை நம்பாதீர்கள், குமிழை நம்புங்கள். இந்த ஒரு வரியை எங்கள் மாணவர்கள் காமிராப் பையிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.

சுருள் முடிந்ததும், காமிராவின் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி, அதே பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றினால் பிலிம் மீண்டும் டப்பாவுக்குள் போய்விடும். அதற்கு முன் பின்கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எடுத்த படங்கள் கெட்டுவிடும்.

அடுத்து ஒளியைப் பற்றிப் பேசுவோம். பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது மிகவும் எளிது. உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே சரியான ஆழம் ஒன்று உண்டு. அதைக் கை பழகித்தான் அறிய வேண்டும். பிலிமும் அப்படித்தான். ஒளி கூடிப்போனால் படம் வெளுத்துவிடும். குறைந்துபோனால் இருண்டுவிடும். சரியான அளவு ஒளியைக் கொடுக்க மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிலிமின் வேகம். டப்பாவின் மேல் 100, 200, 400 என்று அச்சிட்டிருக்கும். அந்நாளில் இதனை ஏ.எஸ்.ஏ. எண் என்றார்கள். இன்று ஐ.எஸ்.ஓ. எண் என்கிறார்கள். எண் இரட்டிப்பானால் பாதி ஒளியே போதும். திடலில், கோயில் வாசலில், நல்ல வெயிலில் எடுக்க 100 போதும். மரங்களின் அடியிலும் வீட்டின் அஞ்சடியிலும் எடுக்க 400 ஏற்றது. பிலிம் போட்டவுடனே இந்த எண்ணைக் காமிராவிலும் திருப்பி வைத்துவிட வேண்டும். மறந்தால் சுருள் முழுவதும் அளவு தவறிவிடும்.

இரண்டாவது, திரை திறந்திருக்கும் நேரம். காமிராவின் தலையில் 60, 125, 250, 500 என்று எண்கள் உள்ள வட்டு இருக்கிறது. 60 என்றால் ஒரு விநாடியை அறுபதாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. எண் ஏற ஏற நேரம் குறையும். பந்தை உதைக்கும் பையனைத் தெளிவாகப் பிடிக்க 500 வேண்டும். நின்று பேசுகிறவர்களுக்கு 125 போதும். 60க்குக் கீழே போனால் நம் கை நடுக்கமே படத்தைக் குலைத்துவிடும். அப்போது காமிராவைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடக்கையால் லென்ஸைத் தாங்கி, மூச்சை மெல்ல விட்டு, பொத்தானைத் தட்டாமல் அழுத்த வேண்டும்.

மூன்றாவது, லென்ஸுக்குள் உள்ள துவாரத்தின் அளவு. லென்ஸைச் சுற்றி 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். இங்குதான் பலருக்குக் குழப்பம். எண் சிறிதானால் துவாரம் பெரிது. எண் பெரிதானால் துவாரம் சிறிது. ஓர் எண்ணிலிருந்து அடுத்த பெரிய எண்ணுக்குப் போனால் ஒளி பாதியாகும்.

லயத்துப் பொதுக் குழாயில் வாளி பிடித்த தாய்மார்களுக்கு இதன் கணக்குத் தெரியும். குழாயை அகலத் திறந்தால் வாளி சீக்கிரம் நிறையும். கொஞ்சமாகத் திறந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். நிறைகிற தண்ணீரோ ஒரே அளவுதான். துவாரம் 8, நேரம் 125 என்று வைத்தாலும், துவாரம் 11, நேரம் 60 என்று வைத்தாலும், துவாரம் 5.6, நேரம் 250 என்று வைத்தாலும் பிலிமுக்குக் கிடைக்கும் ஒளி ஒன்றே.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? துவாரம் பெரிதாக இருந்தால், நாம் குறிவைத்த ஆள் மட்டும் தெளிவாக இருந்து, முன்னும் பின்னும் மங்கிவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 3 மீட்டர் தூரத்தில் நிற்பவரைத் துவாரம் 2இல் எடுத்தால், ஏறத்தாழ அரை மீட்டருக்கும் குறைந்த ஆழமே தெளிவாக இருக்கும். அதையே 16இல் எடுத்தால், சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். ஆகவே, மூன்று வரிசையாக நிற்கும் வகுப்புப் படத்துக்கு 8 அல்லது 11 வையுங்கள். பாட்டியின் முகத்தை மட்டும் எடுக்க 2.8 அல்லது 4 வையுங்கள். கண்களின் மேல் தெளிவை நிறுத்துங்கள். காமிராவுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் பொடிப்பொடியாக நடுங்கித் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்ப, அந்த நடுக்கம் நீங்கும் இடமே சரியான இடம்.

ஒளியை அளக்கும் முள் வேலை செய்யாத காமிராவை வைத்திருப்பவர்களும் வருந்த வேண்டாம். ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வெயிலில் துவாரத்தை 16இல் வைத்து, நேரத்தைப் பிலிம் எண்ணுக்கு மிக நெருங்கிய எண்ணில் வையுங்கள். 100 பிலிமுக்கு 125. 400 பிலிமுக்கு 500. மெல்லிய மேகம் மூடினால் 11. மேகம் கூடி, நிழல் விழாத நேரத்தில் 8. கனத்த மேகம் என்றால் 5.6. நல்ல வெயில் நாளில் சுவரோரத்து நிழலில் 4 வைக்கலாம். இது தோராயக் கணக்கே. ஆனாலும் இதை மனனம் செய்த பிள்ளைகள், வெளிச்சத்தைப் பார்த்தவுடனே எண்ணைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பால்மரங்களின் அடியில் மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். அங்கே நாம் நினைப்பதைவிட வெளிச்சம் குறைவு. காலை வேளையில் 400 பிலிம் போட்டு, நேரத்தை 60இல் வைத்தாலும், பல சமயம் துவாரத்தை 2 வரை திறக்க வேண்டியிருக்கும்.

இனி, இந்த உரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம்.

எங்கள் இரண்டாம் சுருளில் வகுப்புப் படம் எடுத்தோம். பள்ளியின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகளை நிறுத்தி, காமிராவின் முள் சொன்னபடியே எண்களை வைத்தோம். இம்முறை குமிழ் சுழன்றது, படமும் வந்தது. ஆனால் சுவர் சாம்பல் பூத்துக் கிடந்தது. பிள்ளைகளின் முகங்கள் இருண்டு, பலருக்குக் கண் இருக்கும் இடமே தெரியவில்லை. படத்தை வாங்கிப் பார்த்த ஒரு மாணவி, “சார், நான் கறுப்பா இருக்கிறதாலதானே என் முகம் தெரியல?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

நேயர்களே, அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்று உடனே பதில் சொல்ல முடியாமல் நின்றோம். தெரிந்துகொண்டு வந்து மறுவாரம் சொன்னோம். அந்தப் பதில் எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டியது.

காமிராவின் முள்ளுக்கு முகம் எது, சுவர் எது என்று தெரியாது. தன் முன்னால் இருப்பது எல்லாம் நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் அது அளக்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அது. வெள்ளைச் சுவரையும் வெள்ளைச் சட்டையையும் காட்டினால், ஐயோ, ஒளி அதிகம் என்று எண்ணிக் குறைக்கச் சொல்கிறது. நாம் குறைக்கிறோம். வெள்ளை சாம்பலாகிறது. நடுவே இருக்கும் நம் கறுத்த, மாநிற முகங்கள் இருளில் அமிழ்ந்து போகின்றன. தவறு முள்ளை அப்படியே நம்பிய எங்களுடையது. பிள்ளையின் நிறத்தில் எந்தத் தவறும் இல்லை.

இன்னொன்றையும் சொன்னோம். வண்ணப்படம் கழுவும் கூடங்களில் நிறங்களைச் சரிபார்க்க ஓர் அட்டை வைத்திருப்பார்கள். நெடுங்காலம் அந்த அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படமே. அந்த முகம் அழகாக வந்தால் போதும் என்று அளவுகளை அமைத்தார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டைகள் 1990களில்தான் வந்தன. ஆக, நம் முகத்தை மனத்தில் வைத்து அந்த அளவுகள் அமைக்கப்படவில்லை. நம் முகத்துக்கு ஏற்ற அளவை நாம்தான் அறிந்து வைக்க வேண்டும்.

அதற்கு வழி மிக எளிது. முகத்துக்கு அருகில் போங்கள். காமிராவுக்குள் முகம் மட்டுமே தெரியும்படி நின்று முள்ளைப் பாருங்கள். அது காட்டும் எண்களை வைத்துக்கொண்டு, பின்னால் வந்து படத்தை எடுங்கள். பின்வாங்கியதும் முள் மாறும். அதைப் பொருட்படுத்தாதீர்கள். அருகில் போக முடியாவிட்டால், முகத்தில் விழும் அதே வெளிச்சம் விழுகிற புல்தரையை அளந்துகொள்ளுங்கள். பச்சைப் புல் ஏறத்தாழ அந்த நடுத்தர அளவுக்கு ஒத்துவரும். வெள்ளைச் சுவரோ வெளிறிய வானமோ பின்னால் இருந்தால், முள் சொல்வதைவிட ஒரு படியோ இரு படியோ துவாரத்தைக் கூடுதலாகத் திறவுங்கள். நெகட்டிவ் பிலிம் ஒளி சற்றே கூடினால் தாங்கிக்கொள்ளும். குறைந்தால்தான் தாங்காது.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உச்சிவெயிலில் கண்குழிகளில் நிழல் விழும். அஞ்சடி ஓரமாக, வெளியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். அங்கு விழும் மென்மையான ஒளியில் நம் முகங்கள் மெருகோடு விளங்கும். காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும் விழும் சாய்ந்த வெயிலும் நல்லது. மறுபடி எடுத்த வகுப்புப் படத்தில் நாற்பது கண்களும் தெரிந்தன. அந்த மாணவி தன் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

கழுவும் வேலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். வண்ணச் சுருள்களைக் கழுவும் கடைகள் இன்று குறைந்துவிட்டன. கறுப்பு வெள்ளைச் சுருளை, ஒளி புகாத சிறு தொட்டி ஒன்றிருந்தால் நாமே கழுவலாம். பிலிமைத் தொட்டிக்குள் சுற்றி வைக்கும் வேலையை மட்டும் முழு இருட்டில் செய்ய வேண்டும். பிலிமின் மேல் வெள்ளி உப்புத் துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. முதல் மருந்து, ஒளி பட்ட துகள்களைக் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. அடுத்தது அந்த வேலையை நிறுத்துகிறது. மூன்றாவது, ஒளி படாத உப்பைக் கரைத்து நீக்குகிறது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் தொங்கவிட வேண்டும். நிறுத்தும் மருந்து நீர்த்த அசெட்டிக் அமிலம். ரப்பர்ப் பாலை உறைய வைக்கவும் பயன்பட்ட அதே அமிலந்தான்! ஸ்டோரில் வேலை செய்த பெரியவர் ஒருவர் அந்த வாடையை முகர்ந்தவுடனே, “இது நமக்குப் பழகின சாமானாச்சே” என்று சிரித்தார். பாலை உறைய வைத்து, அழுத்தி, தகடாகத் தொங்கவிட்ட கைகளுக்கு இந்த வேலை புதிதா என்ன? மருந்தின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் இருப்பது வழக்கம். நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடானது. ஆகவே, பனிக்கட்டி போட்ட பேசினுக்குள் மருந்துப் போத்தல்களை வைத்துக் குளிர்விக்க வேண்டும். மருந்துகளைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நம் நாட்டில் காமிராவுக்குப் பெரிய எதிரி ஈரம். தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வையுங்கள். பிலிமைத் தகரக் கூரைக்கு அடியிலோ வெயிலில் நிறுத்திய காரிலோ விடாதீர்கள். கே 1000 காமிராவில் அளக்கும் முள்ளை அணைக்க விசை கிடையாது. எடுத்து முடித்ததும் லென்ஸை மூடி வைத்தால் மின்கலம் காப்பாற்றப்படும்.

கடைசியாக ஒன்று. பிலிம் விலை கூடிய பொருள். ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. ஆகவே, எடுக்குமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைதான் இந்தக் காமிரா தரும் பெரிய பயிற்சி. எங்கள் மாணவர்கள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். படத்தின் எண், இடம், துவாரம், நேரம், படத்தில் இருப்பவரின் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுகிறார்கள். பெயர் மிக முக்கியம். தோட்டங்களைப் பற்றிய பழைய புத்தகங்களில் நம்மவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கீழே “தொழிலாளர்கள்” என்று மட்டும் அச்சிட்டிருக்கும். யார் பெற்ற பிள்ளை, எந்த வீட்டுப் பெண் என்று யாருக்குத் தெரியும்? நாம் எடுக்கும் படங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. படத்தின் பின்புறம் பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். எடுக்குமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்தபின் ஒரு படத்தை அவருக்குக் கொடுங்கள்.

எங்கள் முதல் சுருளின் பாட்டியை மறந்துவிடவில்லை. பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கே நாங்கள் காமிராவோடு போனோம். அதே சட்டையைப் போட்டு, அதே துண்டைக் கட்டி, அதே உளியோடு தாழ்வாரத்தில் வந்து நின்றார். முகத்தருகே போய் அளந்து எடுத்தோம். நன்றாக வந்திருக்கிறது. நெற்றிச் சுருக்கமும் கைக் காய்ப்பும் தெரிகின்றன. ஆனால் அவர் பின்னால் இருப்பது இரும்புக் கம்பி போட்ட சன்னல். அவர் கேட்ட லயத்து வாசல் இல்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “வாசல் இல்லாட்டி என்னங்கய்யா, நான் இருக்கேன்ல” என்று எங்களுக்கு அவரே ஆறுதல் சொன்னார்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! பால்மரக் காடுகள் செம்பனையாக மாறின. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. இன்று இருக்கும் லயம், கோயில் மரம், ஆயாக் கொட்டகை நாளைக்கு இருக்குமென்று சொல்ல முடியாது. வீட்டிலே பழைய காமிரா இருந்தால் எடுத்துத் துடையுங்கள். குமிழ் சுழல்கிறதா என்று பாருங்கள். முகத்தருகே போய் ஒளியை அளந்து எடுங்கள். தொலைபேசிதான் இருக்கிறது என்றாலும் குறையில்லை. முகத்தைத் திரையில் தொட்டால் பெரும்பாலான தொலைபேசிகள் அந்த முகத்துக்கு ஏற்ற ஒளியை அளந்துகொள்ளும். அதில் எடுத்த நல்ல படங்களைக் கடையில் கொடுத்துத் தாளில் அச்சிட்டு, பெயர் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரின் படத்தை அவர் வேலை செய்த கோலத்திலேயே இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.